யார் எங்கே அமர்வது? புதிய ஆசிரியர்களுக்கான வகுப்பறை அமைப்பு வழிகாட்டி

பணியில் புதிதாகச் சேரும் ஆசிரியர் பாடக்குறிப்பு எழுதுவதற்கு மணிக்கணக்கில் உழைப்பார். எந்தக் கேள்வியை எப்போது கேட்பது, எந்த எடுத்துக்காட்டை எந்த இடத்தில் சொல்வது என்றெல்லாம் யோசிப்பார். ஆனால் மேசைகளும் நாற்காலிகளும் எப்படிக் கிடக்கின்றனவோ அப்படியே விட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுவார். முன்பு அந்த அறையில் கற்பித்தவர் விட்டுச்சென்ற அமைப்போ, பெருக்குவதற்கு வசதியாக யாரோ தள்ளிவைத்த அமைப்போ, அதுவே அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் யார் பேசுவார், யார் வாய் திறக்காமல் இருப்பார், யாருக்கு யார் நண்பராவார் என்பதில் கணிசமான பங்கு வகிக்கத் தொடங்கிவிடுகிறது. இருக்கை அமைப்பையும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகக் கருதி நீங்களே முடிவு செய்ய வேண்டும் என்பதும், அப்படி முடிவு செய்யும்போது இந்த அமைப்பில் விடுபடப்போகும் மாணவர் யார் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதும்தான் இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புவது. இனி, அதைச் செய்யும் முறையை வரிசையாகப் பார்ப்போம்.

மாணவர்கள் வருவதற்கு முன்

முதல் வேலையைக் காலி அறையில் செய்யுங்கள். வழக்கமாக எழுதும் அளவிலேயே கரும்பலகையில் இரண்டு வரிகள் எழுதிவிட்டு, கடைசி வரிசையின் இரு ஓரங்களிலும், முதல் வரிசையின் இரு ஓரங்களிலும், அறையின் நடுவிலும் மாணவர் உட்காரும் உயரத்தில் அமர்ந்து அவற்றைப் படித்துப் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் எழுத்து, உட்கார்ந்தவுடன் முன்னால் இருக்கும் தலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடக்கூடும். முதல் வரிசையின் ஓர இருக்கை பலரும் நினைப்பதுபோல் நல்ல இடமாக அமைவதில்லை. அங்கிருந்து பலகையின் மறுமுனையைச் சாய்வாகத்தான் பார்க்க முடியும். சன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுப் பளபளக்கும் நேரத்தில் எழுத்தே தெரியாமல் போகும். வெளிச்சத்தின் திசை பகல் முழுவதும் மாறிக்கொண்டே இருப்பதால், இந்தச் சோதனையை முற்பகலில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் செய்வது நல்லது.

அடுத்து, நடைவழிகளைப் பாருங்கள். பலகையின் அருகிலிருந்து புறப்பட்டு, யாரையும் எழுந்திருக்கச் சொல்லாமல், எந்தப் பையையும் தாண்டாமல், ஒவ்வொரு மாணவரின் குறிப்பேட்டையும் பக்கத்தில் நின்று பார்க்க உங்களால் முடிய வேண்டும். எந்த இருக்கையை நீங்கள் அடைய முடியவில்லையோ, அந்த இருக்கையில் அமர்பவர் ஆண்டு முழுவதும் உங்கள் உதவியிலிருந்து விலகியே இருப்பார். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் இருந்தால், அவர் வாசலிலிருந்து தம் இடத்துக்கு வரும் வழியை மட்டும் அகலமாக வைத்தால் போதாது; நண்பரின் மேசைக்கும், அலமாரிக்கும், பலகைக்கும் அவர் தாமாகவே சென்றுவர இயல வேண்டும். வாசலுக்கு அருகில் ஒரு ஓரமாக அவரை நிரந்தரமாக உட்காரவைப்பது வசதியாகத் தோன்றினாலும், வகுப்பின் உறவு வட்டத்துக்கு வெளியே அவரை நிறுத்திவிடும் ஏற்பாடு அது.

ஆசிரியர் மேசையைப் பற்றியும் ஒரு சொல். மாணவருக்கும் பலகைக்கும் நடுவே, அறையின் மையத்தில் அது இருந்தால், ஆசிரியர் அதன் பின்னாலேயே நின்றுவிடும் பழக்கம் வந்துவிடும். ஓரத்துக்குத் தள்ளிவையுங்கள், ஆனால் அங்கே அமர்ந்து திருத்தும் நேரத்திலும் அறை முழுவதும் கண்ணில் படும்படி திருப்பிவையுங்கள். ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு வலுவான காரணத்தைத் தருகின்றன. மாணவர் ஒழுங்கை மீறிய பிறகு எடுத்த நடவடிக்கையைப் பொறுத்தவரை, வகுப்பை நன்றாக நடத்திய ஆசிரியருக்கும் மற்றவருக்கும் இடையே அவர் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. அறையின் எல்லா மூலைகளிலும் நடப்பது தமக்குத் தெரியும் என்பதை மாணவர் உணரும்படி முன்னவர் நடந்துகொண்டார்கள் என்பதே அவர் கண்ட வேறுபாடு. பார்வைக்குத் தடையில்லாத அமைப்பு இருந்தால்தான் இது கைகூடும்.

இவற்றையெல்லாம் பார்த்து முடித்தபின், அறையின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, வாசல், சன்னல், பலகை, தூண், அலமாரி, நகர்த்த முடியாத பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துப் பல படிகள் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் தேவைப்படும்.

பாடத்தின் வேலையைப் பார்த்து அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

வரிசை நல்லதா, குழு நல்லதா என்ற கேள்வி ஆசிரியர் அறைகளில் அடிக்கடி எழுகிறது. பொதுவாகக் கேட்டால் அதற்கு விடை கிடையாது. இந்தப் பாடவேளையில் மாணவர் செய்யப்போகும் வேலை என்ன என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். ரேச்சல் வனார்கா, கேத்தி ரூல் ஆகிய இருவரும் இருக்கை அமைப்பு பற்றிய எட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2008இல் எழுதிய மதிப்பீடும் இந்தப் பக்கமே சாய்கிறது. தனித்தனியாக எழுதும், கணக்குப் போடும், படிக்கும் வேலைக்கு வரிசையில் அமரும்போது மாணவரின் கவனம் கூடுகிறது. எளிதில் கவனம் சிதறும் மாணவருக்கும், மற்றவரைத் தொந்தரவு செய்யும் மாணவருக்கும் வரிசை அமைப்பினால் கிடைக்கும் பயன் இன்னும் அதிகம்.

காரணத்தைப் புரிந்துகொள்வது கடினம் அல்ல. நால்வர் முகம் பார்த்து அமர்ந்திருக்கும் மேசையில் ஒவ்வொரு தலை நிமிர்தலும் ஒரு பேச்சுக்கு அழைப்பாகிவிடுகிறது. பேச வேண்டிய வேலையாக இருந்தால் அந்த அழைப்பு நமக்குத் துணை. பேசாமல் செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்துவிட்டு, பேசத் தூண்டும் அமைப்பில் உட்காரவைத்து, பேசினால் கண்டிப்பது மாணவருக்கு நாம் செய்யும் அநீதி. குழு மேசைகள் போடப்பட்டுள்ள பல வகுப்பறைகளில் மாணவர் குழுவாக அமர்ந்திருந்தாலும், கொடுக்கப்படும் வேலை பெரும்பாலும் தனியாள் வேலையாகவே இருப்பதைக் காணலாம். அமைப்பும் வேலையும் ஒன்றுக்கொன்று முரண்படும் அந்த நிலையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

வரிசைக்கும் ஒரு குறை உண்டு. அதில் மாணவர் பார்ப்பது ஆசிரியரின் முகத்தையும் மற்றவர்களின் முதுகையும் மட்டுமே. பின்னாலிருந்து ஒருவர் சொல்லும் கருத்து, முன்னால் இருப்பவருக்கு யாரோ எங்கோ சொன்ன குரலாகத்தான் கேட்கும். அதற்கு அவர் மறுமொழி சொல்லத் தோன்றாது. எனவே எல்லாப் பேச்சும் ஆசிரியர் வழியாகவே போய்வருகிறது. வகுப்பு முழுவதும் சேர்ந்து விவாதிக்க வேண்டிய பாடத்துக்கு அரைவட்டமோ ‘ப’ வடிவமோ பொருந்தும். நான்காம் வகுப்பு மாணவரிடம் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வில், அதே மாணவர்கள் நேர்வரிசையில் இருந்தபோது கேட்டதைவிட அரைவட்டத்தில் இருந்தபோது அதிகமான கேள்விகளைக் கேட்டார்கள். புதிய பகுதியை அறிமுகப்படுத்தும் நாளிலும், ஐயங்களைத் தீர்க்கும் நாளிலும் இந்த அமைப்பைப் பயன்படுத்திப் பாருங்கள்.

முழு வட்டத்தில் அமரும்போது ஒரு நுட்பத்தை நினைவில் வையுங்கள். வட்டமாக அமர்ந்து பேசுவோர், பக்கத்தில் இருப்பவரைவிட எதிரே இருப்பவரின் பேச்சுக்கே அதிகமாக மறுமொழி சொல்கிறார்கள் என்பதைப் பெர்னார்டு ஸ்டெயின்சர் என்பவர் 1950இல் எடுத்துக்காட்டினார். ஒருவரையொருவர் விடாமல் எதிர்வாதம் செய்யும் இருவரை எதிரெதிராக உட்காரவைத்தால் அந்த வட்டம் அவர்கள் இருவருக்கும் சொந்தமாகிவிடும். அவர்களை அருகருகே அமர்த்துங்கள். அதிகம் பேசாத மாணவருக்கு உங்களுக்கு நேர் எதிரே இடம் கொடுங்கள். உங்கள் பார்வை இயல்பாகவே அவர்மேல் விழும். பெயர் சொல்லி அழைக்காமலே பேசும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கும்.

இருவர் இருவராகச் செய்யும் வேலைக்குத் தனி அமைப்பு எதுவும் தேவையில்லை. வரிசையிலேயே பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னால் போதும். புதிதாக வந்த ஆசிரியர் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய முறை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மேசையை நகர்த்தும் சத்தம் இல்லை, நேர இழப்பு இல்லை, ஒரே நேரத்தில் வகுப்பில் பாதிப்பேர் பேசிவிடுகிறார்கள்.

உங்கள் கண் எட்டும் இடமும் எட்டாத இடமும்

ரேமண்ட் ஆடம்ஸ், புரூஸ் பிடில் ஆகியோர் வகுப்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவு இன்றும் ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. வரிசையாக அமர்ந்த வகுப்பில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே நடக்கும் பேச்சில் பெரும்பகுதி, முன்வரிசையிலும் நடுவழியை ஒட்டிய இருக்கைகளிலும் இருப்பவர்களோடுதான் நடந்தது. பின்னால், ஓரங்களில் அமர்ந்தவர்கள் ஏறத்தாழப் பார்வையாளர்களாகவே இருந்தார்கள். ஆர்வமுள்ளவர்கள் தாமாகவே முன்னால் போய் அமர்கிறார்களா, முன்னால் அமர்வதால் ஆர்வம் பிறக்கிறதா என்பது நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம். எது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், ஆசிரியரின் கையில் இருப்பது இரண்டாவது. மாணவர் இருக்கும் இடத்துக்குத் தம் கவனத்தைக் கொண்டுசெல்ல அவரால் முடியும்.

இதைச் செய்ய, முன்பு எடுத்துவைத்த வரைபடப் படிகளில் ஒன்றில் மாணவர் பெயர்களை எழுதி, ஒரு பாடவேளையில் நீங்கள் யாரிடம் கேள்வி கேட்டீர்கள், யார் தாமாகப் பேசினார்கள், யாருடைய குறிப்பேட்டைப் பார்த்தீர்கள் என்பதைப் புள்ளிகளாகக் குறியுங்கள். கற்பித்துக்கொண்டே குறிப்பது கடினமாக இருந்தால், உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவரைப் பின்னால் அமர்ந்து குறித்துத் தரச் சொல்லுங்கள். அல்லது, ஆர்வமுள்ள ஒரு மாணவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். இரண்டு மூன்று வகுப்புகளின் தாள்களை அடுக்கிப் பார்த்தால், புள்ளியே விழாத ஒரு பகுதி உங்கள் கண்முன் வந்து நிற்கும். அது எப்போதும் கடைசி வரிசையாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். வலக்கையால் பலகையில் எழுதிக்கொண்டே திரும்பும் ஆசிரியர் சிலர், ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்துப் பேசும் பழக்கம் உடையவர்களாக இருப்பார்கள்.

அந்த வெற்றிடம் தெரிந்தபின் செய்ய வேண்டியவை மூன்று. பாடத்தின் ஒரு பகுதியை அறையின் பின்புறம் நின்று நடத்துங்கள். மாணவர் திரும்பி உங்களைப் பார்க்கும்போது முன்வரிசை எது, கடைசி வரிசை எது என்பதே மாறிவிடும். ஓரத்தில் இருக்கும் மாணவர் பதில் சொல்லும்போது, அவர் அருகில் சென்று நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும்; அப்படி நின்றால் அவர் உங்களிடம் மட்டும் மெதுவாகப் பேசுவார், மற்றவர்களுக்குக் கேட்காது. எனவே அறையின் எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்து நின்று கேளுங்கள். அவர் குரல் வகுப்பு முழுவதையும் கடந்து உங்களை வந்தடையும். மூன்றாவது, காத்திருத்தல். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடிகளாகவேனும் நீட்டித்தால் விடைகள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன, விடை சொல்லாமல் இருப்பவர் எண்ணிக்கை குறைகிறது என்பதையும் மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் காட்டினார். இடத்தால் விடுபட்ட மாணவர், வேகத்தாலும் விடுபடக் கூடாது.

யாரை யாருக்கு அருகில் அமர்த்துவது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், ஏனெனில் மாணவர் உறவுகள் உருவாவதும் உடைவதும் இங்கேதான். அருகில் அமர்வோர் அழிப்பான் கேட்பார்கள், விடையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், எழுதத் தவறியதை நகல் எடுத்துக்கொள்வார்கள். பெரிய நட்புகள் பல இத்தகைய சிறிய கொடுக்கல் வாங்கல்களிலிருந்தே தொடங்குகின்றன. தூரத்தில் இருப்பவரைப் பற்றியோ, நேரில் பழகாமல் மற்றவர் சொல்லக் கேட்டதை வைத்தே கருத்து உருவாகிறது. நெதர்லாந்தில் இவோன் வான் டென் பெர்க் உள்ளிட்டோர் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரையொருவர் பிடிக்கவில்லை என்று சொன்ன மாணவர்களைச் சில வாரங்களுக்கு நெருக்கமாக அமர்த்தியபோது, அவர்கள் ஒருவரையொருவர் மதிப்பிட்ட விதம் நல்லதை நோக்கி நகர்ந்தது.

இந்த முடிவைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றக் கூடாது என்றும் இங்கே சொல்லியாக வேண்டும். பழகாததால் பிடிக்காமல் இருப்பது வேறு. ஒருவர் மற்றவரைத் தொடர்ந்து துன்புறுத்துவது வேறு. துன்புறுத்தப்படும் மாணவரைத் துன்புறுத்துபவருக்கு அருகில் அமர்த்தி, பழகினால் சரியாகிவிடும் என்று காத்திருப்பது பெரும் தவறு. அவருக்குத் தேவை பாதுகாப்பு. தமக்கு ஆதரவான ஒருவரின் அருகாமையும், உங்கள் பார்வைக்குத் தெளிவாகத் தெரியும் இடமும்.

முதல் வாரத்தில் மாணவர் தாங்களாக விரும்பி அமரும் இடங்களை மாற்றாமல், வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். யார் யாரோடு இணைபிரியாமல் இருக்கிறார்கள், யார் கடைசியாக வந்து கிடைத்த இடத்தில் அமர்கிறார், யாருக்கு யாரும் இடம் பிடித்து வைப்பதில்லை என்பவை அந்தத் தாளில் பதிவாகும். அதன் பிறகு, ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு சிறு தாளில், தமக்கு நன்றாகப் படிக்க உதவும் என்று தோன்றும் மூன்று பேரின் பெயர்களையும், இடம் தொடர்பாக உங்களிடம் தனியாகச் சொல்ல விரும்பும் ஏதேனும் ஒன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பலகை தெரியவில்லை என்று கையுயர்த்திச் சொல்லக் கூச்சப்படும் மாணவர் அந்தத் தாளில் எழுதுவார். எவர் தாளிலும் பெயர் வராத மாணவர் யார் என்பதும் உங்களுக்கு மட்டும் தெரியவரும். அந்தத் தாள்களை வேறு யார் கையிலும் படாமல் வைத்திருப்பது உங்கள் கடமை.

இப்போது இருக்கைப் பட்டியல் எழுதுங்கள். முதலில் உடல்நிலை சார்ந்த தேவைகள்: பார்வை, செவித்திறன், உயரம், சக்கர நாற்காலி. ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்தவருக்கு, நன்றாகக் கேட்கும் காது வகுப்பின் பக்கம் திரும்பியிருக்கும்படி ஓர இடம் கொடுங்கள். இடக்கையால் எழுதுபவரைப் பலகையைப் பார்த்த நிலையில் பெஞ்சின் இடது முனையில் அமர்த்தினால், பக்கத்தில் இருப்பவரின் முழங்கையோடு இடித்துக்கொள்ள மாட்டார். அடுத்ததாக, யார் பட்டியலிலும் இடம்பெறாத மாணவருக்குப் பொறுமையான, மற்றவர்கள் விரும்பிப் பழகும் ஒருவரின் பக்கத்தில் இடம் ஒதுக்குங்கள். மற்றவர்களை எல்லாம் இதற்குப் பிறகுதான் நிரப்ப வேண்டும்.

மதிப்பெண் வரிசைப்படி அமர்த்துவதைத் தவிருங்கள். நன்றாகப் படிப்பவர் முன்னால், மற்றவர் பின்னால் என்ற ஏற்பாடு, அறைக்குள் நுழையும் எவருக்கும் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் ஒரு தீர்ப்பை அறிவித்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பை மாணவரும் நம்பத் தொடங்கிவிடுகிறார். தண்டனையாக இடம் மாற்றுவதும் இதே வகைதான். முன்வரிசை தண்டனைக்குரிய இடம் என்று ஆகிவிட்டால், கண் சரியாகத் தெரியாத மாணவர்கூட அங்கே வரத் தயங்குவார். பேசிக்கொண்டே இருக்கும் இருவரைப் பிரிக்க வேண்டியிருந்தால், எல்லோருக்கும் இடம் மாறும் நாளில் அதைச் செய்யுங்கள். வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்தி மாற்றாதீர்கள்.

குழு வேலைக்கு நால்வர் போதும். அதற்கு மேல் போனால் ஓரிருவர் ஒதுங்கிவிடுகிறார்கள். குழுவாக உட்காரவைத்துவிட்டாலே ஒத்துழைப்பு வந்துவிடாது என்பதை 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் மேற்கொண்ட முயற்சி நன்கு விளக்குகிறது. வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த மாணவர்கள் முதன்முறையாக ஒரே பள்ளிகளில் சேர்ந்து, வகுப்புகளில் பகையும் போட்டியும் நிலவிய நேரம் அது. பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, மற்றவர்களுக்கு அதை அவரே கற்பிக்க வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். ஒருவர் சொல்வதைக் கேட்காமல் மற்றவர் பாடத்தை முழுமையாக்க முடியாது என்ற நிலை வந்தபின், ஏளனம் குறைந்து கவனித்துக் கேட்கும் பழக்கம் வளர்ந்தது. ஜிக்சா முறை என்று அழைக்கப்படும் இதிலிருந்து புதிய ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டியது, குழுவில் ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குத் தேவையான ஏதோ ஒன்று இருக்கும்படி வேலையைப் பிரித்துக்கொடுப்பதுதான்.

இடம் மாற்றும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தல்

பாடவேளைக்குப் பாடவேளை அமைப்பை மாற்றச் சொன்னால், நேரம் வீணாகும், சத்தம் வரும் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே; ஆனால் மாற்றுவதையும் ஒரு திறனாகக் கற்பித்தால் அது நீங்கிவிடும். இரண்டே அமைப்புகளோடு தொடங்குங்கள்: வரிசை ஒன்று, நால்வர் குழு ஒன்று. ஒவ்வொரு மேசையும் இரண்டு அமைப்புகளிலும் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தரையில் வெவ்வேறு நிற ஒட்டுநாடாவால் சிறு குறிகள் இடுங்கள். மேசையைத் தூக்குபவர் யார், நாற்காலியை எடுப்பவர் யார், பைகளை ஓரமாக வைப்பவர் யார் என்று முன்கூட்டியே பிரித்துக்கொடுங்கள். பாடம் எதுவும் இல்லாமல், மாற்றுவதற்காகவே ஒருநாள் ஒதுக்கி நான்கைந்து முறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். அடுத்து என்ன வேலை என்பதைப் பலகையில் எழுதிய பிறகே மாற்றச் சொல்ல வேண்டும். மாற்றி முடித்தவுடன் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் கூச்சல் எழுகிறது.

இருக்கைப் பட்டியலையும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதைவிட அடிக்கடி மாற்றினால் பக்கத்தில் இருப்பவரோடு பழக நேரம் கிடைக்காது. ஆண்டு முழுவதும் மாற்றாமல் விட்டால் வகுப்பு சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரிந்து இறுகிவிடும். மாற்றப்போவதை முன்னரே சொல்லிவிடுங்கள். புதிய இடத்தில் அமர்ந்த முதல் நாளில், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து செய்யும்படி எளிய வேலை ஒன்றைக் கொடுங்கள்.

நகராத பெஞ்சும் நெரிசலான அறையும்

நீள பெஞ்சுகள் தரையோடு பொருத்தப்பட்டிருந்தாலும், அறைக்கு மீறிய எண்ணிக்கையில் மாணவர் இருந்தாலும், இவையெல்லாம் நமக்குப் பொருந்தாது என்று விட்டுவிட வேண்டியதில்லை. மேசைகளை நகர்த்த முடியாதபோது மனிதர்களை நகர்த்தலாம். முதல், மூன்றாம், ஐந்தாம் பெஞ்சுகளில் இருப்பவர்கள் பின்பக்கம் திரும்பி அமர்ந்தால், ஒவ்வொரு இரண்டு பெஞ்சுக்கும் இடையே நால்வர் குழுக்கள் உருவாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெஞ்சும் ஒரு வரிசை முன்னால் நகர்ந்து, முதல் பெஞ்சு கடைசிக்குச் செல்லும் சுழற்சி, முன்வரிசையின் பயனை எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கும். பெஞ்சின் நடுவில் அமர்பவர் ஓரத்துக்கும், ஓரத்தில் அமர்பவர் நடுவுக்கும் மாறும்படியும் செய்யலாம். உடல்நிலை காரணமாக முன்னால் இருக்க வேண்டியவர்களை மட்டும் இந்தச் சுழற்சியிலிருந்து விலக்கிவையுங்கள். பெஞ்சின் நடுவில் இருப்பவரை அடைய முடியாத நெரிசல் இருந்தால், குறிப்பேடுகளை ஓரத்துக்கு நகர்த்தித் தரச் சொல்லிப் பார்ப்பதைவிட, அந்த மாணவர்களே முறைவைத்து உங்கள் மேசைக்கு வந்து இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போகும் ஏற்பாடு நல்லது. திருத்தத்தோடு ஒரு சிறு உரையாடலும் அவர்களுக்குக் கிடைக்கும்.

சுவர், ஒளி, பொருள்கள்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இங்கிலாந்தில் 27 பள்ளிகளின் 153 வகுப்பறைகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, தொடக்கப்பள்ளி மாணவரின் ஓராண்டுக் கற்றல் முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 விழுக்காட்டை அறையின் வெளிச்சம், வெப்பநிலை, காற்று, அமைப்பில் மாற்றம் செய்யும் வசதி, வண்ணம் முதலியவற்றோடு தொடர்புபடுத்தியது. சன்னலைத் திறந்து காற்றோட்டம் வரச் செய்வதற்குச் செலவு ஏதும் இல்லை. சுவர்களை முழுவதும் படங்களால் நிரப்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 24 மழலை வகுப்புக் குழந்தைகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், படங்கள் நிறைந்த அறையில் கவனம் சிதறிய நேரம் 38.6 விழுக்காடு, சுவர் வெறுமையாக இருந்த அறையில் 28.4 விழுக்காடு, தேர்வில் சரியான விடைகள் முறையே 42, 55 விழுக்காடு. பலகையைச் சுற்றியுள்ள சுவரைக் காலியாக விட்டு, மாணவரின் ஆக்கங்களைப் பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் ஒட்டுங்கள். ஒட்டும்போது எல்லோருடைய பெயரும் ஏதேனும் ஒரு தாளிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி எடுக்கும் பொருள்களை ஒரே மூலையில் குவிக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் தள்ளுமுள்ளு இராது.

மூன்று வாரம் கழித்து

அமைப்பை மாற்றிய உடனே அதன் பயனை அளக்க முயலாதீர்கள். முதல் சில நாள்களில் காணும் உற்சாகமும் குழப்பமும் புதுமையால் வருபவை. மூன்று வாரங்கள் போனபின், புதிய வரைபடப் படியொன்றை எடுத்து மீண்டும் புள்ளி வையுங்கள். முன்பு வெறுமையாக இருந்த பகுதியில் இப்போது புள்ளிகள் விழுகின்றனவா, அல்லது வெற்றிடம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறதா என்று பழைய தாளோடு ஒப்பிடுங்கள். இடைவேளையில் யார் யாரோடு வெளியே செல்கிறார்கள் என்பதையும், முன்பு தனித்திருந்த மாணவரிடம் பக்கத்தில் இருப்பவர் தாமாகப் பேசுகிறாரா என்பதையும் சில நாள்கள் கவனியுங்கள். மாணவர்களிடமும் கேளுங்கள்: இந்த இடத்தில் எது எளிதாக இருக்கிறது, எது கடினமாக இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளே போதும். பெயர் எழுதாமலும் எழுதித் தரலாம் என்று சொல்லுங்கள்.

கிடைத்த விடைகளை வைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கலைத்துப்போடாமல், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் எது உதவியது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். வரைபடத் தாள்களைத் தேதியிட்டுப் பாடக்குறிப்பேட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகுப்பை அடுத்த ஆண்டு ஏற்கும் ஆசிரியரிடம் அவற்றைக் கையளிக்கும்போது, மாணவர்கள் எழுதித் தந்த தனித் தாள்களை மட்டும் பிரித்தெடுத்து அழித்துவிடுங்கள்.